வராத மடல்கள்: வெள்ளவத்தை வீட்டுச் சேர்வரின் நாட்குறிப்பு

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

முற்பகல் பதினொன்றரை மணியளவில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறையில் உப மின்நிலையத்துக்குள் புகுந்த குரங்கொன்றே காரணம் என்று அமைச்சர் சொன்னதாகச் செய்தி வந்தது. மின்சாரம் திரும்பியதும் றவுட்டரும், அலுமாரியின் மேல் பழைய மடிக்கணினியில் ஓடும் டெபியன் இயங்குதளத்தில் என் மின்னஞ்சல்களைக் கையாளும் சேர்வரும் தாமாகவே எழுந்துகொண்டன. இரண்டு மடல்களை வெளியே அனுப்பிப் பார்த்தேன், போய்ச் சேர்ந்தன. அத்தோடு விட்டுவிட்டேன்.

பெப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். கோயிலால் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கொட்டாஞ்சேனை அச்சகத்தவரின் அழைப்பு வந்தது.

"நேற்றுக் காலையே மலரின் அச்சுப்படியை அனுப்பிட்டன் ஐயா, ஒரு பதிலையும் காணேல்லை."

"மடல் திரும்பி வந்ததா?"

"அதுவும் வரேல்லை."

அந்த இரண்டாவது பதில்தான் எனக்குப் பயன்பட்டது. என் சேர்வர் மறுத்திருந்தால், நிரந்தர மறுப்பைக் குறிக்கும் 554 போன்ற ஓர் எண்ணோடு மடல் உடனே அவரிடமே திரும்பியிருக்கும். திரும்பவில்லை என்றால் அது அவர்களுடைய சேர்வரின் வரிசையில் காத்துக்கிடக்கிறது, அநேகமாக என் கதவைத் தொடவே இல்லை என்று பொருள். அவர்களிடமும் என்னிடம் இருக்கும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மடல் மென்பொருள்தான், மாற்றாமல் விட்டிருந்தால் ஐந்து நாள் முயன்ற பிறகே கைவிடும். எனக்கு 15ஆம் திகதி காலைவரை தவணை உண்டு.

என் சேர்வரின் பதிவேட்டைத் திறந்தேன். ஞாயிறு மாலைக்குப் பின்னர் வெளியிலிருந்து ஓர் இணைப்புக்கூட இல்லை. வழக்கமாகக் கடவுச்சொல்லை ஊகித்துக் கதவைத் தட்டும் திருடர்களையும் காணவில்லை. அவர்கள் வராத நாள் என் வீட்டில் இருந்ததே இல்லை என்பதால், அதுதான் என்னை அதிகம் கலங்கவைத்தது.

கைத்தொலைபேசி இணைப்பிலிருந்து சேர்வர்கள் ஒன்றுக்கொன்று மடலைக் கையளிக்கும் வாசலான 25ஆம் போர்ட்டைத் தட்டிப் பார்த்தேன், பதிலில்லை. பெருமைப்பட ஒன்றுமில்லாத சோதனை இது: கைத்தொலைபேசி வலையமைப்புகள் பலவும் வெளியே செல்லும் 25ஐத் தாமே அடைத்துவிடுவதால், கதவு திறந்திருந்தாலும் இதே மௌனம்தான் கிடைத்திருக்கும். இதை நினைவுகூர ஒரு மணித்தியாலம் பிடித்தது. அதற்குள் ஒன்றரை மணி நேர மின்வெட்டும் வந்துவிட்டது.

பெப்ரவரி 12, புதன்

நவம் போயா, பௌர்ணமி விடுமுறை, மின்வெட்டு இல்லை. ரொறன்ரோவில் இருக்கும் தம்பியிடம், மடல் அனுப்புவதற்கென்றே அவன் வாடகைக்கு வைத்திருக்கும் சேர்வரிலிருந்து தட்டச் சொன்னேன். இங்கே, வந்துபோகும் தரவுப் பொதிகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை 25ஆம் போர்ட்டின் மேல் ஓடவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இப்ப அடிக்கிறன் அண்ணா" என்று மூன்று தடவை சொன்னான். ஒரு பொதியும் வரவில்லை. மகளின் கணினியிலிருந்து வீட்டுக்குள்ளேயே தட்டியபோது மட்டும் திரை நிறையப் பொதிகள் ஓடின. ஆகவே போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புக் கோப்பில் நேற்று இரவு நான் செய்த திருத்தங்கள் அத்தனையும் வீண் வேலை. அவற்றைப் பழையபடி மாற்றினேன்.

பெயருக்குரிய முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் சரியாகத்தான் இருந்தது, அல்லது அப்படித் தோன்றியது. என் மடல்கள் எந்தச் சேர்வருக்கு வரவேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு காட்டும் பெயரின் முகவரியும், 'உங்கள் ஐபி முகவரி இது' என்று வெளித்தளம் சொன்ன எண்ணும் பொருந்தின. பொருந்தாமல் எப்படி இருக்கும்? அதே தளத்தைக் கேட்டுத்தானே என் ஸ்கிரிப்ட் என்ற தானியங்கி நிரல் டிஎன்எஸ்ஸைப் புதுப்பிக்கிறது! கடைசியில் றவுட்டரின் நிலைப் பக்கத்துக்குப் போனேன். அங்கே வெளிப்புற முகவரி 100.86 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரையுள்ள முகவரிகள், ஒரே பொது முகவரியின் பின்னால் பல வாடிக்கையாளர்களை அமர்த்தும் நிறுவனங்களுக்காக 2012இல் ஒதுக்கப்பட்டவை. மின்சாரம் வந்து மீண்டும் இணைந்தபோது என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். உள்ளிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து வருபவருக்கு அந்தக் கூட்டத்தில் எந்த வீடு என்று தெரியாது.

இணைப்பு நிறுவனத்தின் உதவி மையத்தில் பேசிய பிள்ளை, "இன்டர்நெட் வேலை செய்யுதுதானே ஐயா?" என்று கேட்டார். அவருடைய பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயமான கேள்விதான். மாதக் கட்டணத்துக்கு நிலையான முகவரி தரலாம் என்றார். சம்மதித்தேன்.

பெப்ரவரி 13, வியாழன்

மாலை ஏழு மணிக்குப் புதிய முகவரி கிடைத்தது. டிஎன்எஸ்ஸைக் கையால் திருத்தினேன். பத்து நிமிடத்தில் டிசிபிடம்ப்பில் முதல் பொதி வந்தது, ஒரு திருடனுடையது. சந்தோஷப்பட்டேன்.

அச்சுப்படி 7.52க்கு வந்தது. அதன் தலைப்பு வரிகளைக் கீழிருந்து மேலாக வாசித்தேன். அச்சகத்துச் சேர்வர் 10ஆம் திகதி காலை 8.41 என்று குறித்திருந்தது; அதற்கு நேர் மேலே என் சேர்வரின் இன்றைய நேரம். எண்பத்து மூன்று மணித்தியாலங்கள் அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே கிடந்தன.

பெப்ரவரி 14, வெள்ளி

ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாக எழுதிய சிறு நிரல், வெளித்தளத்தைக் கேளாமல் றவுட்டரிடமே முகவரியைக் கேட்டு, அது 100.64க்கும் 100.127க்கும் இடையில் விழுந்தால் என் கைத்தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். மின்னஞ்சலாக அனுப்பவே முதலில் எழுதினேன், மகள் சிரித்தாள்.