தனுஷ்கோடி உப்பும் என் லென்ஸும்

ஜூனில் தனுஷ்கோடியில் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் பால் தெளித்த மாதிரி வெளிறிக் கிடந்தன. அரிச்சல்முனையில் ஆண்கடல் பக்கம் பார்த்து ஒரு மணி நேரம் நின்றிருப்பேன். (மன்னார் வளைகுடாவை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். பாக் ஜலசந்திப் பக்கம் பெண்கடல்.) அலை எட்டாத தூரம்தான், லென்ஸில் ஒரு சொட்டும் விழவில்லை. ஆனால் அலை உடையும்போது எழும் பொடித் தூறலைத் தென்மேற்குக் காற்று அப்படியே முகத்துக்குக் கொண்டுவருகிறது. மங்கலாகத் தெரிந்ததும் சட்டை நுனியால் ஒரு துடை துடைத்தேன். அதற்கப்புறம் எடுத்தவைதான் இன்னும் மோசம்.

என்ன நடந்தது என்று பார்க்க ஒரு பாட்டிலில் கடல் நீர் பிடித்து வந்திருந்தேன். ராமேஸ்வரத்துத் தீர்த்தம் என்று வீட்டில் அதைப் பூஜையறையில் வைத்துவிட்டார்கள். கேட்டு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பழைய யூவி ஃபில்டர் (லென்ஸுக்கு முன்னால் திருகி மாட்டும் கண்ணாடி) இரண்டு எடுத்தேன். ஒன்றில் வெறும் கடல் நீர் நாலு சொட்டு, இன்னொன்றில் அதே நீரோடு ஒரு சிட்டிகை மணல். இரவு முழுக்க ஃபேனுக்குக் கீழே வைத்தும் காலையில் ஓரத்தில்தான் பொரிந்திருந்தது, நடுவில் விரல் வைத்தால் பிசுபிசுத்தது. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீர்த்துப்போகும். கடல் நீரில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். கடற்கரைக் காற்றில் அது எங்கே காயப்போகிறது?

முதல் ஃபில்டரை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தேன். கீறல் இல்லை, ஆனால் எண்ணெய் தடவியது போல ஒரு படலம் பரவியது. இரண்டாவதில் ப்ளோயரால் (கையால் அமுக்கிக் காற்றடிக்கும் ரப்பர் குமிழ்) எவ்வளவு ஊதியும் மணல் நகரவில்லை, உப்பு பசை மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது. துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் வளைவு வளைவாகக் கீறல். உப்பு கண்ணாடியை விட மென்மையானது, கீறியது மணல்தான். ஜூனில் சட்டை நுனியால் நான் செய்ததும் இதேதான்.

லென்ஸ் க்ளீனர் திரவமும் போட்டுப் பார்த்தேன். என்னிடம் இருந்தது ஆல்கஹால் கலந்தது, உப்பு அதில் சரியாகக் கரையவில்லை. கடைசியில் வேலைக்கு ஆனது இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்! புது கேனில் இருந்து எடுத்து ஃபில்டரை நனைத்து, ஒரு நிமிடம் ஊறவிட்டுச் சாய்த்தால் உப்பும் மணலும் சேர்ந்து வழிந்துவிடுகின்றன. மிச்ச ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும், தேய்க்க வேண்டாம். ஃபில்டரைக் கழற்றிக் கழுவலாம், லென்ஸின் முன்கண்ணாடியில் இப்படித் தண்ணீர் ஊற்ற முடியாது. கடற்கரைக்கு ஃபில்டர் வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

கழற்ற முடிந்தால்தானே கழுவ? ஜூனில் போட்டது உப்புப் பிடித்து இறுகிவிட்டது. கையால் திருகத் திருக வழுக்கியது. சுத்தமான ரப்பர் செருப்பின் அடியில் ஃபில்டரை லேசாக அழுத்தித் திருப்பினேன், வந்துவிட்டது. இப்போது மாட்டும் முன் மரையில் பென்சில் முனையைத் தேய்த்துத் தூளை ஊதிவிடுகிறேன்.

ஆகஸ்டில் மறுபடி போனேன். ஜூம் லென்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டேன். ஒவ்வொரு முறை நீளும்போதும் அது காற்றை உள்ளே இழுக்கிறது, உப்பும் கூடவே போகிறது. ஜூம் இல்லாத 35 எம்.எம். லென்ஸ் ஒன்றை மட்டும் லாட்ஜிலேயே மாட்டிக்கொண்டு, வெளியில் கழற்றவே இல்லை. கேமராவுக்கு பாலித்தீன் கவரும் ரப்பர் பேண்டும். முந்தைய இரவு ஏசி அறையில் இருந்ததால் விடியலில் வெளியே எடுத்ததும் லென்ஸ் வியர்த்துவிட்டது, சூரியன் எழுந்த முதல் இருபது நிமிடம் போச்சு. ஜிப் கவரில் போட்டு மூடியபடியே வெளியில் அரை மணி நேரம் வைத்திருக்க வேண்டும் என்று தெரிந்தும் மறந்தேன்.

1964 புயலில் இடிந்த தேவாலயத்தைக் காற்றுக்கு முதுகு காட்டி நின்று எடுத்தேன். அரை மணிக்கு ஒருமுறை ஃபில்டரை மாற்றினேன். எண்பது படங்களில் ஏழுதான் மங்கல்.

ஜூனில் கொண்டுபோன பழைய ஜூம் லென்ஸின் வளையம் 35 எம்.எம். குறியைத் தாண்டும்போது இன்னும் கரகரக்கிறது. அதைத் திறக்கும் துணிச்சல் எனக்கு இல்லை. ஜனவரியில் வாடைக்காற்று அடிக்கும்போது பெண்கடல் பக்கம் எப்படி என்று பார்க்கவேண்டும்.