திரண்டால் ஒளிரும் பாலிமர்: தண்ணீர் சேர்க்கும் சோதனையில் பிழை நுழையும் இடங்கள்

பைரீன் என்ற ஒளிரும் சேர்மத்தின் கரைசலில் செறிவு கூடக்கூட அதன் இயல்பான ஒளிர்வு மங்குவதை ஃபோர்ஸ்டரும் காஸ்பரும் 1954இல் எழுதினார்கள். 2001இல் ஹாங்காங்கில் பென் ஜோங் டாங்கின் குழு சைலோல் என்ற சிலிக்கன் வளைய மூலக்கூறு ஒன்றில் இதற்கு நேர்மாறானதைக் கண்டது: கரைந்திருக்கும்போது இருட்டு, திரண்டதும் வெளிச்சம். டெட்ராஃபீனைல்எத்திலீனும் அதே ரகம். அதன் நான்கு ஃபீனைல் வளையங்களும் கரைசலில் சுழன்றும் முறுகியும் கிளர்ச்சி ஆற்றலை வெப்பமாகக் கரைத்துவிடுகின்றன. திரளில் சுழல இடமில்லை, ஆகவே ஆற்றல் ஒளியாக வெளியேறுகிறது. மூலக்கூறு காற்றாடி போல முறுக்கிக்கொண்டிருப்பதால் வளையங்கள் தட்டையாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒளியை அணைப்பதும் இல்லை.

இந்த அலகை ஃப்ளூரீன் என்ற கார்பன் வளையச் சேர்மத்தோடு மாற்றி மாற்றிக் கோத்துக் கான்ஜுகேட்டட் பாலிமராக்கினால் (ஒற்றை, இரட்டைப் பிணைப்புகள் மாறி மாறி வரும் சங்கிலியாக்கினால்) கதை சற்று மாறும். சங்கிலியில் கோத்த வளையம் ஏற்கெனவே பாதி கட்டுண்டது. அதனால் தெளிந்த கரைசலே ஓரளவு ஒளிரும். திரளும்போது அது கூடும், அவ்வளவுதான். சிறிய மூலக்கூறு திரளும்போது ஒளி பெருகும் பெரிய மடங்கு இங்கே கிடைக்கவில்லையே என்று பாலிமரைக் குறை சொல்வது நியாயமில்லை. மடங்கைவிடத் திரளின் குவாண்டம் ஈட்டை, அதாவது உறிஞ்சிய ஒளித்துகள்களில் எவ்வளவு பங்கு ஒளியாகத் திரும்புகிறது என்பதை, பார்ப்பதே சரி.

இந்தப் பாலிமர் டிஎச்எஃப் (டெட்ராஹைட்ரோஃப்யூரான்) என்ற கரைப்பானில் கரையும், தண்ணீரில் கரையாது; அதனால் தண்ணீரின் பங்கைக் கூட்டிக்கொண்டே போய்த் திரள வைத்து ஒளியை அளப்பதே சோதனை. டைஹெக்சைல்ஃப்ளூரீனும் டெட்ராஃபீனைல்எத்திலீனும் சேர்ந்த ஓர் அலகின் நிறை சுமார் 663. எனவே 6.63 மில்லிகிராம் பாலிமரை 10 மில்லிலிட்டர் டிஎச்எஃப்பில் கரைத்தால் அலகுக் கணக்கில் 1 மில்லிமோலார் (லிட்டருக்கு 1 மில்லிமோல்). அதில் 2.5 மில்லிலிட்டரை 25ஆக நீர்த்தால் 100 மைக்ரோமோலார் இருப்புக் கரைசல். ஒவ்வொரு குப்பியிலும் இதில் 1 மில்லிலிட்டர் விட்டு, தேவையான டிஎச்எஃப் சேர்த்து, கடைசியாகத் தண்ணீர் சேர்த்து மொத்தம் 10 மில்லிலிட்டர் ஆக்கினால் எல்லாவற்றிலும் 10 மைக்ரோமோலார் இருக்கும்.

கணக்கில் ஒரு பொறி உண்டு. இருப்புக் கரைசலே 1 மில்லிலிட்டர் டிஎச்எஃப் என்பதால் 90 சதவீதத் தண்ணீருக்கு மேல் போக முடியாது. 95 வேண்டுமானால் 200 மைக்ரோமோலாரில் தனியாக இன்னொரு இருப்பு செய்து 0.5 மில்லிலிட்டர் எடுக்க வேண்டும். திட்டக்குடுவையில் கோடு வரை நிரப்புவதையும் தவிர்க்கலாம்; தண்ணீரும் டிஎச்எஃப்பும் கலக்கும்போது கனஅளவு சற்றுச் சுருங்கும். பிப்பெட்டால் அளந்து ஊற்றி, கலப்பதற்கு முந்தைய கனஅளவையே சதவீதமாகக் குறித்தால் குழப்பம் வராது.

தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக, காந்தக் கோல் வேகமாகச் சுழலும்போது விட வேண்டும். ஒரே மூச்சில் கொட்டினால் தண்ணீர் விழுந்த இடத்திலேயே பாலிமர் இழையிழையாகப் பிரிந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். குப்பியைப் புறஊதா விளக்கில் காட்டினாலே தெரியும்: குப்பி முழுதும் சீராக ஒளிர்ந்தால் நல்ல திரள், மின்னும் துகள்கள் தெரிந்தால் அந்தக் குப்பியை அளந்து பயனில்லை. தண்ணீர் 80 சதவீதம் ஆகும் வரை ஏறிய ஒளி 90இல் இறங்கினால், வேறு விளக்கம் தேடுவதற்கு முன் பாலிமர் அடியில் படிந்துவிட்டதா என்று பாருங்கள். எல்லாக் குப்பிகளையும் கலந்த பின் ஒரே கால இடைவெளியில் அளப்பது அவசியம்.

ஒளிர்வை அளக்கும் கருவியில் முதலில் வைக்க வேண்டியது மிகப் பிரகாசமான குப்பி. அதற்கு உணர்கருவி திணறாத அளவில், ஒளி புகும் பிளவின் அகலத்தை நிறுத்தி, பிறகு மற்றவற்றுக்கு அதைத் தொடக்கூடாது. 350 நானோமீட்டர் அலைநீள ஒளியால் தூண்டினால் தண்ணீரின் ராமன் சிதறல் (தண்ணீர் அலைநீளத்தை மாற்றிச் சிதறடிக்கும் ஒளி) 397 அருகில் ஒரு சிறு மேடாக வரும். 700இல், அதாவது தூண்டொளியின் இரு மடங்கு அலைநீளத்தில், கருவியின் கீற்றணி காட்டும் அதன் இரண்டாம் வரிசை வரும். இரண்டையும் பாலிமரின் ஒளி என்று எண்ணிவிடாமல் இருக்க, அதே விகிதத்தில் பாலிமர் இல்லாத கலவையை அளந்து கழிக்க வேண்டும்.

ஈட்டு ஏற்கெனவே தெரிந்த குவினைன் சல்ஃபேட்டை ஒப்பாக வைத்துக் குவாண்டம் ஈட்டு கணிப்பது தெளிந்த கரைசலுக்கு மட்டுமே பொருந்தும். திரளின் உட்கவர் நிறமாலையில் (எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுகிறது என்ற வளைவில்) நீண்ட அலைப்பக்கம் சுழியத்துக்கு இறங்காமல் வால் நீண்டால், அங்கே ஒளி உறிஞ்சப்படவில்லை, சிதறுகிறது. அந்த எண்ணை வைத்து வகுத்தால் ஈட்டு தவறாகவே வரும். திரளுக்கும் மென்படலத்துக்கும், எல்லாத் திசை ஒளியையும் சேர்த்து அளக்கும் ஒருங்கிணைப்புக் கோளம்தான் வழி.

ஒளி எல்லாக் குப்பியிலும் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தால், அலகுகளைக் கோக்கும் சுஸுகி வினையில் வினையூக்கியாகச் சேர்த்து எஞ்சிய பல்லேடியத்தைச் சந்தேகிக்கலாம். பழுப்பேறிய பாலிமர் அதற்கு ஓர் அடையாளம். குளோரோஃபார்மில் கரைத்து, சோடியம் டைஎத்தில்டைதயோகார்பமேட் நீர்க்கரைசலோடு கலக்கி, தண்ணீரில் கழுவி, பத்து மடங்கு மெத்தனாலில் மீண்டும் வீழ்படிவாக்கினால் பெரும்பகுதி போய்விடும்.

ஒரே குப்பியைத் திரும்பத் திரும்ப அளக்கும்போது ஒளி குறைந்து, வளைவின் வடிவமும் மாறினால் புறஊதாவே பாலிமரை மாற்றிக்கொண்டிருக்கலாம். டெட்ராஃபீனைல்எத்திலீன் கரைசலில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து ஃபினாந்த்ரீன் (மூன்று வளையங்கள் ஒட்டிய சேர்மம்) வகையாக வளையம் மூடிக்கொள்ளும். ஓர் அளவீட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஷட்டரை மூடி வையுங்கள்.