சட்டகத்துக்கு முன்னால் ஒரு வரி

கல்வித் திட்டம் ஒன்றை மதிப்பிட உட்காருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தச் சட்டகம் (மதிப்பிடும் முறை) நல்லது?" என்றுதான். அதற்கு முன்பே ஒரு வரி எழுதிவிட வேண்டும்: இந்த மதிப்பீட்டைப் பார்த்து யார், எப்போது, எதைத் தீர்மானிக்கப் போகிறார்கள்? திட்டத்தைத் திருத்துவதற்கான மதிப்பீடு வேறு, தொடர்வதா நிறுத்துவதா என்று தீர்ப்புச் சொல்லும் மதிப்பீடு வேறு. 1967-ல் மதிப்பீட்டு அறிஞர் மைக்கேல் ஸ்க்ரிவன் இரண்டையும் பிரித்துத் தனித்தனிப் பெயர் கொடுத்தார். இரண்டையும் ஒரே படிவத்தில் திணித்தால், தீர்ப்புக்குப் பயந்து ஆசிரியர்கள் குறைகளை எழுதாமல் விட்டுவிடுவார்கள்.

ஆசிரியர் பயிற்சி போன்ற குறுகிய பயிற்சிகளுக்கு டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-ல் எழுதத் தொடங்கிய நான்கு நிலைகள் பொருந்தும்: பிடித்ததா, கற்றார்களா, நடைமுறை மாறியதா, பலன் வந்ததா. பல மதிப்பீடுகள் கடைசி நாள் ஃபீட்பேக் படிவத்தோடு, அதாவது முதல் நிலையிலேயே, நின்றுவிடுகின்றன. பயிற்சி பிடித்திருந்தது என்பது எதையும் கற்றதற்குச் சான்றாகாது. மூன்றாம் நிலையைப் பார்க்க, இரண்டு மூன்று மாதம் கழித்து வகுப்பறையின் பின்வரிசையில் போய் உட்கார வேண்டும்.

ஓராண்டுக்கு மேல் ஓடும் திட்டத்துக்கு டேனியல் ஸ்டஃபில்பீமின் 'சிப்' முறை பொருத்தம். சூழல், உள்ளீடு, செயல்முறை, விளைவு என்று நான்கு பகுதிகள். எல்லோரும் விளைவுக்கு ஓடுகிறார்கள். என் கணிப்பில் செயல்முறைதான் உயிர். 40 வகுப்புகள் திட்டமிட்டு 22 மட்டுமே நடந்திருந்தால், மதிப்பெண் ஏறாததற்குப் பாடத்திட்டத்தைக் குறை சொல்ல முடியாது. நடந்த தேதி, நிமிடங்கள், வருகை, முடித்த பகுதி ஆகிய நான்கையும் அன்றன்றே குறித்தால் போதும்.

முன்தேர்வு, பின்தேர்வு ஒப்பீட்டில் இரண்டு குழிகள் உண்டு. குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் சேர்த்த திட்டத்தில், எதுவும் கற்பிக்காவிட்டாலும் அடுத்த தேர்வில் சராசரி கொஞ்சம் ஏறும். அன்று தற்செயலாகச் சறுக்கியவர்களும் அவர்களுக்குள் இருப்பார்கள் அல்லவா! அதே வரம்பில் தேர்ந்தெடுத்து, திட்டத்தில் சேர்க்காத ஒப்பீட்டுக் குழு வேண்டும். அது முடியாவிட்டால், சேர்க்கைக்கு ஒரு தேர்வும் முன்தேர்வுக்கு வேறொரு தேர்வும் வையுங்கள். இரண்டாவது குழி இடைநிற்றல். 100 பேர் தொடங்கி 70 பேர் முடித்தால், அந்த 70 பேரின் முன்தேர்வையே அவர்களின் பின்தேர்வோடு ஒப்பிட வேண்டும். நின்றுபோன 30 பேர் யார் என்பதைத் தனியாக எழுத வேண்டும்.

எண்ணிக்கையிலும் ஏமாறுகிறோம். ஒரே வகுப்பில் படிப்பவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அந்த ஒப்புமையின் அளவு (0 என்றால் ஒப்புமையே இல்லை, 1 என்றால் முழு ஒப்புமை) 0.2 என்றால், 20 வகுப்புகளில் 30 பேர் வீதம் சோதித்த 600 பேரை 1 + (29 × 0.2), அதாவது 6.8-ஆல் வகுக்க வேண்டும் (29 என்பது வகுப்பின் 30 பேரில் ஒருவரைக் கழித்தது). மிஞ்சுவது சுமார் 88 பேருக்கான தகவல். அதே 600 வினாத்தாள்களை 60 வகுப்புகளில் 10 பேர் வீதம் கொடுத்தால் வகுக்கும் எண் 2.8 ஆகிறது, தகவல் சுமார் 214 பேருக்குச் சமம். அந்தப் பத்துப் பேரை வருகைப் பதிவேட்டிலிருந்து குலுக்கல் முறையில் நீங்களே எடுங்கள். தேர்ந்தெடுக்கும் வேலையை வகுப்பாசிரியரிடம் விடாதீர்கள்.