லெந்து காலக் குறிப்புகள்: வருகிறவர் நீர்தானா?

22 பெப்ரவரி 2024, வியாழன்

இம்முறை லெந்து கால, அதாவது ஈஸ்டருக்கு முந்திய தவக்கால, வேதபாடம் கொழும்பு வெள்ளவத்தையில், ரீச்சர் வீட்டில். கடற்கரைப் பக்கத்து லேன். ரயில் போகும்போது யார் கதைத்தாலும் நிறுத்தத்தான் வேண்டும். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கிய பிறகுதான் மிச்சக் கதை.

தலைப்பு 'மேசியா யார்?' மேசியா என்றால் அபிஷேகம்பண்ணப்பட்டவர், கிரேக்கத்தில் கிறிஸ்து. போதகர் ஐயா மாற்கு 8ஐ வாசிக்க வைத்துவிட்டு, "நீங்கள் அவரை ஆர் எண்டு சொல்லுவியள்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். ஞாயிறு பள்ளியில் பாடமாக்கியதெல்லாம் வரிசையாக வந்தது: இரட்சகர், தேவகுமாரன், நல்ல மேய்ப்பன். ஒருவருக்கும் யோசிக்க நேரம் தேவைப்படவில்லை.

ரீச்சர் புவியியல் படிப்பித்தவர். வேதாகமத்தின் பின்பக்கத்து வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார். பேதுரு 'நீர் கிறிஸ்து' என்று சொன்னது பிலிப்புச் செசரியாப் பக்கத்தில், எர்மோன் மலையடியில். பெரிய ஏரோது அந்தப் பகுதியில் ரோமப் பேரரசன் அகுஸ்துராயனுக்குக் கோயில் கட்டியிருந்தான். மகன் பிலிப்பு ஊரைப் பெருப்பித்து இராயனின் பேரையே வைத்தான். கிரேக்கரின் பான் தெய்வத்தின் குகையும் அங்கேதான். இராயனைக் கும்பிடுகிற ஊருக்குப் பக்கத்தில் நின்று ஒரு மீன்பிடிகாரன் வேறொருவரை ராசா என்கிறான். நாலு வசனம் தள்ளி அவனே 'சாத்தானே' என்று பேச்சும் வாங்குகிறான். பதில் சரி, விளங்கினதுதான் பிழை.

29 பெப்ரவரி, வியாழன்

போகவில்லை. மாதக்கடைசி, கந்தோரிலேயே ஏழரை. பிறகு காலி வீதி நெரிசல்.

7 மார்ச், வியாழன்

பழைய ஏற்பாடு. தாவீது தன்னைக் கொல்லத் திரிந்த சவுல் ராசாவைக் குகையில் கையில் கிடைத்தும் விட்டுவிடுகிறான், கர்த்தர் அபிஷேகம்பண்ணினவர் என்று. ஏசாயா 45இல் அதே பட்டம் பாரசீக ராசா கோரேசுக்கு. ஐரி வேலை செய்கிற தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். "கர்த்தரையே தெரியாத ஆளுக்கோ?" தெரியாதவன் என்று அந்த அதிகாரமே சொல்கிறது. ஆனால் சிறைப்பட்டுப் பாபிலோனில் கிடந்த சனத்தை ஊருக்குப் போகவிட்டவன் அவன்தான்.

இயேசுவின் காலத்தில் எல்லோரும் ஒரே மாதிரியான மேசியாவுக்குக் காத்திருந்ததாகத்தான் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். அப்படியில்லை. சாக்கடல் சுருள்கள் கிடைத்த கும்ரானில் இருந்த யூதக் குழுவினர் இரண்டு பேரை எதிர்பார்த்தார்கள்: ஆரோன் வழியில் ஒருவர், இஸ்ரவேல் வழியில் ஒருவர். கி.பி. 132இல் ரோமருக்கு எதிராக எழும்பிய பார் கொக்பாவை யூத மதகுரு ரபி அக்கிபா மேசியா என்றே நம்பியதாக யூத மரபு சொல்கிறது. 135இல் எல்லாம் முடிந்தது. 'யூதர் கண்ணிருந்தும் காணவில்லை' என்று எங்கள் ஆட்கள் லேசாகச் சொல்லிவிடுவது எனக்கு எப்போதும் பிடிப்பதில்லை.

14 மார்ச், வியாழன்

இன்று மத்தேயு 11. இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவான் ஸ்நானன் காவலில் இருந்து ஆள் அனுப்பிக் கேட்கிறான்: வருகிறவர் நீர்தானா, இல்லை வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா? அவன் அடைபட்டிருந்தது சாக்கடலுக்குக் கிழக்கே மக்கேருஸ் கோட்டையில் என்று முதலாம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். இயேசு ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கண்டதையும் கேட்டதையும் போய்ச் சொல்லுங்கள் என்கிறார்: குருடர் பார்க்கிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள், குஷ்டரோகிகள் சுத்தமாகிறார்கள், செவிடர் கேட்கிறார்கள், மரித்தோர் எழுந்திருக்கிறார்கள், தரித்திரருக்கு சுவிசேஷம்.

ஐயா ஏசாயாவின் தீர்க்கதரிசனம் நிறைவேறியதை விளக்கிக்கொண்டிருந்தார். மூலையில் இருந்த அன்ரி, வழக்கமாக வாய் திறக்காதவா, கேட்டா:

"மறியலில இருக்கிறவையைப் பற்றி ஒண்டும் இல்லையோ ஐயா?"

அன்ரியின் மகன் பல வருசம் உள்ளே இருந்தவர். பார்க்கவிடுகிற நாட்களில் சாப்பாட்டுப் பார்சலோடு வரிசையில் நின்ற கதையை அவ ஒருவருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. ஐயா ஏசாயா 61ஐப் புரட்டினார். முதல் வசனத்திலேயே இருக்கிறது, சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை. நாசரேத்து ஜெபஆலயத்தில் இயேசு வாசித்ததிலும் இருக்கிறது, லூக்கா 4. யோவானுக்கு அனுப்பிய பதிலில்தான் இல்லை.

"மறந்திருப்பார்," என்றான் தம்பி, பகிடியாக. ஒருவரும் சிரிக்கவில்லை. ரயில் வந்தது.

15 மார்ச், வெள்ளி

காலையில் தம்பி வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். கும்ரான் நாலாம் குகையில் கிடைத்த சுருள் துண்டு ஒன்று மேசியாவைப் பற்றிச் சொல்லிவிட்டு, நடக்கப்போவதை அடுக்குகிறதாம். குருடருக்குப் பார்வை, மரித்தோருக்கு உயிர், எளியவருக்கு நற்செய்தி. கிட்டத்தட்ட மத்தேயுவின் பட்டியல்தான், ஆனால் கட்டுண்டவர்களை விடுவிப்பதும் அதில் இருக்கிறது. தன் பகிடிக்கு அவன் கட்டிய தண்டம் இது என்று நினைக்கிறேன்.

ஆக, அந்தக் காலத்தில் மேசியா என்றால் மறியல் கதவு திறக்கும் என்று காத்திருந்த ஆட்கள் இருந்திருக்கிறார்கள். யோவானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பான். விட்டுப்போனது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. பட்டியல் முடிந்த உடனேயே, என்னிடத்தில் இடறலடையாதவன் பாக்கியவான் என்கிறார். அது யோவானுக்கென்றே சொன்ன வசனம். கதவு திறக்காது, அப்படியிருந்தும் நான்தான் என்கிறார். கேட்கக் கஷ்டமான பதில்.

21 மார்ச், வியாழன்

பரிசுத்த வாரத்துக்கு முன் கடைசிக் கூட்டம். ரீச்சர் ரோல்ஸும் பிளேன்ரீயும் தந்தா. ஐயா பேதுருவின் அறிக்கையோடு முடிக்க வந்திருந்தார். அன்ரி விடவில்லை. மத்தேயு 14ஐ அவவே வாசித்தா: காவலிலேயே தலை வெட்டப்பட்ட யோவானின் உடலை அவனுடைய சீஷர் அடக்கம்பண்ணிவிட்டு வந்து சொல்ல, இயேசு அதைக் கேட்டுப் படவேறித் தனியே வனாந்தரமான இடத்துக்குப் போகிறார்.

"அவருக்கும் தாங்கேலாமல்தான் போயிருக்கு," என்றா. பிறகு 11க்குத் திரும்பி, "ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில பெரியவன் எண்டு புகழுறார், ஆனா வந்தவை போன பிறகு. அந்தப் பெடியள் நிக்கேக்க சொல்லியிருந்தா, காவலில இருந்தவனுக்கு ஒரு ஆறுதலாய் இருந்திருக்குமே?"

ஐயா மறுத்துப் பேசவில்லை. எனக்கு அவர் மீது மரியாதை கூடியது அந்த இடத்தில்தான்.

ஈஸ்டருக்குப் பிறகு எதை எடுப்பது என்று கேட்டபோது அன்ரி கையோடு சொன்னா: "அப்போஸ்தலர் 12. பேதுருவுக்குத் தூதன் வந்து மறியலைத் திறந்துவிட்டவன். அதுக்கு முன்னம் வெட்டுப்பட்ட யாக்கோபுக்கு ஏன் திறக்கேல்லை எண்டு நான் கேக்கவேணும்."

ஐயா கொப்பியில் குறித்துக்கொண்டார்.