தையல் வெளிப்பக்கம்

மே 1
மெஷினைத் தொடாதே என்கிறாள் அம்மா. அக்காவின் குறைமாதப் பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வருவதற்குள் புதுத்துணி தைக்கக் கூடாதாம். இதில் புதுசு எது? அம்மாச்சியின் சுங்குடிச் சேலை இது. கையால் கட்டிச் சாயம் போட்டது, ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியும் யாரோ போட்ட முடிச்சு. துவைத்துத் துவைத்து மல்மல் துணியை விட மெத்தென்று ஆகிவிட்டது. பழைய துணிதான் முதலில் மேலே படணும் என்று சொன்னவளே அம்மாதான்.

மே 2
பாப்பா 1 கிலோ 480.

மே 3
அக்கா போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "தையல் உறுத்தாதுல்ல?" அதிலிருந்து வேறு நினைப்பே இல்லை. பாப்பாவின் தோல் வெங்காயச் சருகு. பிரெஞ்ச் சீம், அதாவது பிசிறை உள்ளே அடைக்கும் இரட்டைத் தையல், அடித்தால் பிசிறு மறையும், ஆனால் அந்த மேடு உள்ளே விழும். அதனால் தலைகீழாகச் செய்யணும். நல்ல பக்கங்களை உள்ளே சேர்த்துக் கால் இன்ச்சில் முதல் தையல். பிசிறைப் பாதியாக நறுக்கி, துணியைத் திருப்பி, மறுபடி கால் இன்ச்சில் அடைத்துவிட்டால் மேடு வெளியே வந்துவிடும். பார்க்கிறவர்களுக்குச் சட்டையைப் புரட்டிப் போட்ட மாதிரி தெரியும். தெரியட்டும்.

எலாஸ்டிக் நூல் சுருக்கு வேண்டவே வேண்டாம், தடம் விழும். எம்ப்ராய்டரியும் வேண்டாம். மேலே பூவாக இருப்பது அடியில் முள்ளாக இருக்கும்.

மே 5
நர்ஸ் சொன்னது: முன்பக்கம் முழுசாகத் திறக்கணும், வயர்கள் வெளியே வரணும். ஊக்கு, பட்டன் கூடாது. நாடாதான்.

தோளில் தையலே இல்லாமல் வெட்டலாம்! துணியை மடித்து, மடிப்பையே தோளாக வைத்துக் கையோடு சேர்த்து ஒரே துண்டாக. மிச்சம் இரண்டு பக்கவாட்டுத் தையல்தான். ராத்திரி பதினோரு மணிக்கு இது தோன்றி, மறுபடி விளக்கைப் போட்டு பேப்பரில் வெட்டிப் பார்த்தேன்.

மே 6
போன் வரவில்லை.

மே 7
ஊசி வாங்க மீனாட்சி கோயில் பக்கம் எழுகடல் தெரு வரை. புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்ட தையல் கடைகளில் அழகர் வேஷத்துக்கான உடுப்புகள் ஓடுகின்றன. ஒரு பெரியவர் சிவப்புத் துணிமேல் மஞ்சள் பட்டையை வைத்து ஓரம் அடிக்கிறார். வளைவு வந்தால் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, மெஷின் பாதத்தைத் தூக்கி, துணியை மட்டும் திருப்புகிறார். குண்டூசி ஒன்றுகூட இல்லை. நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். "எந்த சைஸ்மா?" என்று அவராகவே கேட்டார். சொல்ல வாய் வரவில்லை.

மே 8
மீனாட்சி திருக்கல்யாணம். அம்மா தாலிக்கயிறு மாற்றிக்கொண்டாள். 1 கிலோ 510.

மே 10
இன்று இரட்டை ஊசி. 9 நம்பர் ஒற்றை ஊசியைக் கழற்றிவிட்டு இதைப் போட்டேன். மேலே இரண்டு நூல், நூலை இறுக்கும் டென்ஷன் தட்டுக்கு ஒவ்வொரு பக்கம் ஒன்று, கீழே அடிநூல் பாபின் ஒன்றே. மேல் டென்ஷனைக் கொஞ்சம் ஏற்றினால் இரண்டு தையலுக்கும் நடுவே துணி மெல்ல எழும்பி நரம்பாக நிற்கும். கை வீலைச் சுற்றி, ஊசி தகட்டில் இடிக்கவில்லை என்று பார்த்த பிறகே மோட்டார். இவ்வளவு மெலிந்த துணியை மெஷின் ஓட்டைக்குள் இழுத்துவிடும், அடியில் நியூஸ்பேப்பர் கீற்று வைத்து அடித்துப் பிறகு கிழித்தெடுத்தேன். அழகாக வந்தது, ரொம்ப அழகாக. திருப்பினால் பாபின் நூல் வளைந்து வளைந்து ஓடுகிறது. அது நெஞ்சில் படும்.

படக் கூடாது. உள்ளே இன்னொரு அடுக்கு கொடுத்தாகணும். வார்டில் ஏசிதான், புழுங்காது.

பாப்பாவை அக்காவின் நெஞ்சோடு சேர்த்து வைக்கிறார்களாம். அப்போது சட்டையே கிடையாது. இது எதற்கு என்று ஒரு நிமிஷம் ஆகிவிட்டது.

மே 12
அழகர் ஆற்றில் இறங்கிவிட்டார். கோரிப்பாளையம் பக்கம் எதுவும் நகரவில்லை, மச்சான் பாதி வழியில் நிற்கிறார். சட்டை வைத்த பை அவரிடம்.

மே 13
சட்டை போய்ச் சேர்ந்தது. இடது கை வழியாக டியூப் போகிறதாம், அந்தப் பக்கத் தையலைப் பிரித்து நாடா வைக்கச் சொல்கிறார்கள். இரண்டாவது சட்டைக்கு முந்தானைப் பக்கம் வெட்டணும்.