வாதை உன் கூடாரத்தை அணுகாது

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு வாக்குத்தத்த அட்டை, அந்த வருடத்துக்கென்று கடவுள் தரும் வாக்காக எடுத்துக்கொள்ளும் பைபிள் வசனம் அச்சிட்ட அட்டை, ஒட்டியிருக்கிறது. 2021 புத்தாண்டு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, தட்டில் கவிழ்த்து வைத்திருந்த அட்டைகளிலிருந்து அப்பா எடுத்தது. மேலே ரோஜாப்பூ படம், கீழே சங்கீதம் 91:10. "ஆகையால் பொல்லாப்பு உனக்கு நேரிடாது, வாதை உன் கூடாரத்தை அணுகாது." கொரோனாவின் முதல் வருடத்தை ஒருவழியாகத் தாண்டி வந்திருந்த நேரம். அப்பா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டு தடவை படித்துவிட்டு, "பாத்தியா எய்யா, நமக்குன்னே வந்திருக்கு" என்றார்.

மே மாதம் அப்பா இறந்துபோனார். கொரோனாதான். வயது 61.

இதை எழுதவே எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. அடக்கத்துக்கு ஆள் சேரக் கூடாது, பெட்டியைத் திறக்கக் கூடாது, கவச உடை போட்ட நாலு பேர் இறக்கினார்கள், சபைப் போதகரான ஐயர் தூரத்தில் நின்று ஜெபித்தார், பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. வீட்டுக்கு வந்து தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கப் போனால் கண்ணுக்கு நேரே அந்த அட்டை. கிழித்துப் போட்டுவிடலாம் என்று கை போனது. அம்மா பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள், அதனால் கிழிக்கவில்லை.

அந்த வருடக் கடைசி ஆராதனையில் சாட்சி நேரம் வந்தது. ஒரு அண்ணன் எழுந்து, "எங்க வீட்டுல எட்டு பேருக்கு வந்துச்சு, கர்த்தர் ஒருத்தரையும் விட்டுக்கொடுக்கலை, அத்தனை பேரும் உயிரோட நிக்கோம்" என்று அழுதுகொண்டே சொன்னார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். என் பக்கத்தில் இருந்த அம்மாவும் சொன்னாள். எனக்கு மட்டும் வாய் வரவில்லை. அந்த அண்ணனை நான் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் தனிமைப்படுத்தப்பட்டிருந்த நாட்களில் தினமும் கேட்டில் சாப்பாட்டுத் தூக்கைத் தொங்கவிட்டுப் போனது அவர்தான். அவருடைய நன்றி உண்மையானது. ஆனால் எனக்குள் ஒரு கேள்வி உட்கார்ந்துவிட்டது. அதே சங்கீதத்தில் ஏழாம் வசனம் "உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது" என்கிறது. சரி, அந்த ஆயிரம் பேர் யார்? விழுந்தவர்கள் வீட்டிலும் அதே அட்டை இருந்தால்?

இதற்கு எனக்கு ஏகப்பட்ட பதில்கள் கிடைத்தன. சொந்தக்காரர் ஒருவர், "விசுவாசத்துல எங்கயோ ஒரு ஓட்டை இருந்திருக்கும்" என்று அம்மா காதுபடவே சொன்னார். இப்படிச் சொல்பவர்கள் தயவுசெய்து பைபிளில் அப்போஸ்தலருடைய நடபடிகள் 12-ஆம் அதிகாரத்தை உட்கார்ந்து படிக்க வேண்டும். ஏரோது யாக்கோபைப் பட்டயத்தினால் கொலைசெய்தான் என்று இரண்டாம் வசனத்திலேயே வந்துவிடுகிறது. யாக்கோபு யாரோ ஒருவர் அல்ல, இயேசுவின் சீடர், யோவானின் அண்ணன்தம்பி, மறுரூப மலைவரை இயேசுவோடு ஏறியவர். அடுத்த வசனத்தில் பேதுருவைப் பிடிக்கிறான். பதினாறு போர்ச்சேவகர் காவல், இரண்டு சங்கிலி. ஏரோது அவரை வெளியே கொண்டுவர இருந்த நாளுக்கு முந்தின ராத்திரி தூதன் வந்து விலாவில் தட்டி எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு போகிறான், இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது. ஒரே சபை, ஒரே ராஜா, ஒரே ஆண்டவர். யாக்கோபின் விசுவாசத்தில் ஓட்டை இருந்தது என்று இதை எழுதிய லூக்கா எழுதவே இல்லை. ஒருவர் வாளுக்குப் போனார், ஒருவர் வீட்டுக்கு வந்தார், அவ்வளவுதான் அங்கே இருக்கிறது. யாக்கோபுக்காகவும் அந்தச் சபை ஜெபித்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அப்புறம் நான் 91-ஆம் சங்கீதத்தையே மறுபடி மறுபடி படிக்க ஆரம்பித்தேன், கொஞ்ச நாள் கோபத்தோடுதான். சிறுவயதில் மனப்பாடம் செய்து ஞாயிறு பள்ளியில் டிபன் பாக்ஸ் பரிசு வாங்கிய சங்கீதம் அது. அப்படியும் ஒரு விஷயம் இவ்வளவு நாள் உறைக்கவில்லை. இயேசுவின் காலத்தில் இந்தச் சங்கீதத்தை எடுத்து ஒருவருக்கு வாக்குத்தத்தமாகக் கொடுத்தது யார் தெரியுமா? பிசாசு. தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, தாழக் குதியும், தூதர்கள் கையில் ஏந்திக்கொள்வார்கள், எழுதியிருக்கிறதே என்கிறான். மத்தேயு நான்காம் அதிகாரம். வசனத்தை அவன் தவறாகச் சொல்லவில்லை. உனக்கு ஒன்றும் ஆகாது, நிரூபித்துக் காட்டு என்று அதை ஒரு ஒப்பந்தப் பத்திரம் மாதிரி நீட்டுகிறான். இயேசு குதிக்கவில்லை. மூன்று வருடம் கழித்து சிலுவையில் தொங்கும்போது கீழே நின்றவர்களும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்டார்கள், இறங்கி வா, அப்போது நம்புகிறோம் என்று. அங்கேயும் அவர் இறங்கவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு ஏதோ ஒன்று திறந்தது.

அந்தச் சங்கீதத்தின் நான்காம் வசனம், "அவர் தமது சிறகுகளாலே உன்னை மூடுவார்" என்கிறது. எங்கள் ஆச்சி வீட்டில் கோழி வளர்த்தார்கள். பருந்து நிழல் தரையில் விழுந்ததும் தாய்க்கோழி ஒரு சத்தம் கொடுக்கும் பாருங்கள், முற்றம் முழுக்க மேய்ந்துகொண்டிருந்த குஞ்சுகள் அத்தனையும் ஓடிவந்து அடியில் நுழைந்துவிடும். சிறகை விரித்து உட்கார்ந்துவிட்டால் ஒரு குஞ்சுகூட வெளியே தெரியாது. ஆனால் கோழி முழுசாகத் தெரியும். பருந்தின் நகம் விழுந்தால் அதன் முதுகில்தான் விழும். எருசலேமைப் பார்த்து இயேசு கடைசியாகப் புலம்பியபோது எடுத்த உவமை அதுதான், கோழி தன் குஞ்சுகளைச் சிறகின் கீழே கூட்டிச் சேர்ப்பதுபோல் எத்தனை தரம் ஆசைப்பட்டேன் என்றார். சொன்ன சில நாளில் நகம் அவர்மேல் விழுந்தது.

அன்று வேதபாரகரும் பிரதான ஆசாரியரும் கேலி செய்த வார்த்தையைத் தமிழ் வேதாகமத்தில் படியுங்கள்: "மற்றவர்களை ரட்சித்தான்; தன்னைத்தான் ரட்சித்துக்கொள்ளத் திராணியில்லை." ரட்சிப்பது என்றால் காப்பது. நாம் காவல் என்று ஒன்றையும் இரட்சிப்பு என்று இன்னொன்றையும் தனித்தனியாக வைத்துக்கொண்டிருக்கிறோம், பயணத்துக்குப் போகும்போது கேட்பது காவல், சாகும்போது கேட்பது இரட்சிப்பு என்பதுபோல. வார்த்தை ஒன்றுதான். அவர்கள் கேலியாகச் சொன்னது அப்படியே உண்மை. தன்னைக் காத்துக்கொண்டிருந்தால் மற்றவர்களைக் காத்திருக்க முடியாது. நாங்கள் நம்புகிற பாதுகாப்பு, காக்கப்படாத ஒருவர் வழியாக எங்களுக்கு வந்தது. இதை விட்டுவிட்டு 91-ஆம் சங்கீதத்தைத் தனியாகப் பிய்த்து எடுத்து வண்டிக் கண்ணாடியில் ஒட்டினால், அது தாயத்து மாதிரி ஆகிவிடுகிறது என்பது என் எண்ணம். வருத்தமாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள், நானும் ஒட்டியிருந்தவன்தான்.

லூக்கா 21-இல் இயேசு சொன்ன இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. "உங்களில் சிலரைக் கொலைசெய்வார்கள்" என்கிறார். ஒரு வசனம் தள்ளி, "ஆனாலும் உங்கள் தலைமயிரில் ஒன்றாகிலும் அழியாது" என்கிறார். கொலையும் நடக்கும், மயிரும் அழியாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னவருக்கு, அழிவு என்பதும் சாவு என்பதும் ஒன்றாகத் தெரியவில்லை.

எங்களுக்குப் பக்கத்து வீடு கத்தோலிக்கக் குடும்பம். அவர்கள் இரட்சிப்பு என்று சொல்ல மாட்டார்கள், மீட்பு என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு அம்மாவின் சங்கிலி ஞாபகம் வரும். நான் கல்லூரியில் சேர்ந்தபோது மூன்றரைப் பவுன் சங்கிலியை அப்பா அடகு வைத்தார். மூன்று வருடம் அது எங்கேயோ ஒரு இரும்புப் பெட்டிக்குள் ஒரு காகித உறையில் கிடந்தது. அம்மா கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான். அந்த மூன்று வருடமும் யாராவது கேட்டால் அம்மா "என் சங்கிலி பேங்க்ல இருக்கு" என்பாள். போய்விட்டது என்று ஒருநாளும் சொன்னதில்லை. அது அவளுடையது, வட்டி ஏறிக்கொண்டிருந்தது, அப்பா மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்தார், ஒருநாள் போய் முழுப் பணத்தையும் வைத்து மீட்டுக்கொண்டு வந்து சமையலறையில் அவள் கையில் கொடுத்தார். ரோமர் 8:23-இல் பவுல் "நம்முடைய சரீர மீட்பு" வருகிறதற்குக் காத்திருக்கிறோம் என்று எழுதுகிறார். சரீர மீட்பு. ஆத்துமா பரலோகம் போனது, அதோடு சரி என்று அவர் விடவில்லை, மண்ணுக்குள் வைத்த உடம்புக்கும் கணக்கு இருக்கிறது என்கிறார். கல்லறைத் தோட்டத்தில் நிற்கும்போது நான் இதை நினைத்துக்கொள்வேன். அப்பா உள்ளே இருக்கிறார். அடகில் இருக்கிறார். கிரயம் கட்டியாயிற்று, கையில் வந்து சேர வேண்டியதுதான் பாக்கி.

எங்கள் பக்கத்தில் டோனாவூர் இருக்கிறது, களக்காட்டுக்குக் கிட்டே. அயர்லாந்திலிருந்து வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901-இலிருந்து அங்கே கோவில்களுக்கு விடப்பட்ட பெண் குழந்தைகளைச் சேர்த்து வளர்த்தவர். எத்தனையோ குழந்தைகளுக்கு அந்த வளாகம்தான் அடைக்கலம். அப்படிப்பட்டவர் 1931-இல் களக்காட்டில் ஒரு குழியில் தவறி விழுந்து கால் முறிந்தார். அதற்குப் பிறகு 1951-இல் இறக்கும் வரை ஏறக்குறைய இருபது வருடம் பெரும்பாலும் ஒரே அறையில், வலியோடு. கால் கல்லில் இடறாதபடிக்குத் தூதர்கள் ஏந்துவார்கள் என்ற அதே சங்கீதத்தின் வசனம் அவருக்குத் தெரியாதா? அந்தக் கட்டிலிலிருந்துதான் புத்தகம் புத்தகமாக எழுதினார், பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினார். தன் குழிக்குமேல் கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அதனால் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி மட்டும் இருக்கிறது. அப்பா இறந்த அடுத்த வருடம் அங்கே போய் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். குருவி ஒன்று வந்து குளித்துவிட்டுப் போனது. என் கேள்விக்குப் பதில் என்று அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. அழ மட்டும் முடிந்தது. மே மாதத்திலிருந்து அழாதவன் நான்.

பாதுகாப்புக்காக ஜெபிப்பதை நான் நிறுத்தவில்லை. பைக்கை எடுக்கும்போது இன்றும் "காத்துக்கொள்ளும் ஆண்டவரே" என்றுதான் எடுக்கிறேன். மகள் ஸ்கூல் வேனில் ஏறும்போது தலையில் கை வைத்து அனுப்புகிறேன். அவர் காக்கிறார் என்று நம்புகிறேன், எத்தனையோ தடவை கண்ணால் பார்த்துமிருக்கிறேன். தானியேல் புத்தகத்தில், ராஜாவின் சிலையை வணங்க மறுத்து அக்கினிச் சூளைக்கு முன்னால் நின்ற அந்த மூன்று வாலிபர்களும் எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்று முதலில் சொன்னார்கள், அடுத்த மூச்சில் "விடுவிக்காமற்போனாலும்" என்றார்கள். அந்த இரண்டாவது வார்த்தையைச் சேர்த்து ஜெபிக்க எனக்கு இன்னும் நடுங்குகிறது, குறிப்பாக மகளுக்காக ஜெபிக்கும்போது. சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். 91-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம், "நீடித்த நாட்களால் அவனைத் திருப்தியாக்கி" என்பது, 61 வயதில் போன மனிதரின் மகனுக்கு இன்றைக்கும் தொண்டையில் சிக்குகிறது. அதை விழுங்கிவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதற்கு முந்தின வசனம் இருக்கிறது. "ஆபத்தில் நானே அவனோடிருந்து." ஆபத்து இல்லாமல் செய்வேன் என்று அங்கே இல்லை, ஆபத்தில் என்றுதான் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் எங்களை உள்ளே விடவில்லை. கடைசிக்கு முந்தின நாள் ஒரு நர்ஸ் அக்கா தன் போனில் வீடியோ கால் போட்டுக் கொடுத்தார். அப்பா மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினார். மூச்சு வாங்கியது, விட்டு விட்டுத்தான் பேச முடிந்தது. அம்மா தனியா இருக்கீங்களே, தனியா இருக்கீங்களே என்று அழுகிறாள். அவர் தலையை ஆட்டி, "தனியா இல்ல… அவரு இருக்காரு… நீ சாப்பிட்டியா?" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

போன மாதம் பழைய ஃபிரிட்ஜ் கெட்டுப்போய்ப் புதுசு வாங்கினோம். கடைக்காரப் பையன்கள் பழையதைத் தூக்கிக்கொண்டு போக வந்தபோது அம்மா "கொஞ்சம் நில்லுங்கப்பா" என்று ஓடினாள். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து, ஓரம் ஓரமாக ஒத்தி, பத்து நிமிடம் பிடித்தது, அட்டை கிழியாமல் வந்தது. ரோஜாப்பூ வெளுத்துப்போய்விட்டது, எழுத்து நன்றாகத் தெரிகிறது. புது ஃபிரிட்ஜில் எந்த உயரத்தில் ஒட்ட என்று என்னைக் கேட்டாள். அப்பா கண் மட்டத்துக்கு ஒட்டு என்றேன்.