கொச்சியிலிருந்து பேப்பூருக்குத் தனியாகப் பாய்மரப் படகில்: கிளம்புவதற்குப் பட்ட பாடு

ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரன் ஒருவன் கொச்சியிலிருந்து கோழிக்கோட்டுப் பக்கம் உள்ள பேப்பூர் வரை தனியாளாகப் பாய்மரப் படகில் போகப்போகிறேன் என்றால், யாரும் வழி சொல்வதில்லை. "உங்களுக்கு எதுக்குங்க இது?" என்றுதான் கேட்கிறார்கள். போய்ச் சேர்ந்துவிட்டேன். ஆனால் தை மாதம் போக வேண்டியவன் மாசி பாதியில்தான் கிளம்ப முடிந்தது. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதனால் பயணத்தைவிட, கிளம்புவதற்கு முன் நடந்ததைத்தான் அதிகம் எழுதப்போகிறேன். பாய் ஏற்றவும், பலத்த காற்றில் பாயைச் சுருக்கிக் கட்டவும் (அதாவது ரீஃப் போடவும்), நங்கூரம் இறக்கவும் தெரிந்தவர்களுக்கு மட்டும் இது பயன்படும்.

கொச்சி வாயிலிருந்து பேப்பூர் வாய் வரை சுமார் 75 கடல் மைல். என் படகு 18 அடி. சராசரியாக 4 நாட், அதாவது மணிக்கு 4 கடல் மைல் வேகம் கிடைத்தாலே பெரிது. ஒரே மூச்சில் போனால் இரவு முழுக்க விழித்திருக்க வேண்டும். கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான சர்வதேச விதிகளில் 5ஆவது விதி, எந்நேரமும் கண்காணிப்பு இருக்க வேண்டும் என்கிறது. தனியாள் தூங்கினால் அந்த விதி அங்கேயே போச்சு. அந்தக் கரையில் இரவில் மீன்பிடிப் படகும் வலையும் இல்லாத இடமே கிடையாது. எனவே பகலில் மட்டும் ஓட்டம்: கொச்சியிலிருந்து முனம்பம் 15 கடல் மைலுக்குள், முனம்பத்திலிருந்து பொன்னானி 40, பொன்னானியிலிருந்து பேப்பூர் 25. நடுவில் ஏதாவது ஆனால் ஒதுங்க சேட்டுவா.

எங்கே ஒதுங்கினாலும் ஆற்று முகத்துவாரம் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும் என்பதுதான் இந்தக் கரையின் சிக்கல். டேராடூனில் உள்ள தேசிய நீர்ப்பரப்பு வரைபட அலுவலகம் வெளியிடும் கடல் வரைபடம் வாங்கினேன். வெளிக்கடல் ஆழத்துக்கு அது போதும். முகத்துவாரத்து மணல் மேடு ஒவ்வொரு தென்மேற்குப் பருவமழைக்குப் பிறகும் இடம் மாறிவிடும், அதைக் காகிதத்தில் தேடக் கூடாது. முனம்பம் மீன்பிடித் துறைமுகத்தில் தூத்தூர் பக்கத்துக் கன்னியாகுமரிக்காரர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். டீக்கடையில் தமிழில் பேச்சுக் கொடுத்ததும் ஒரு பெரியவர் என் வரைபடத்தை வாங்கி, பேனாவால் மேட்டைப் போட்டுக் காட்டிவிட்டார். "வத்து நேரத்துல மட்டும் உள்ள ஏறாத மக்கா, அல எதுத்து நின்னு அடிக்கும்" என்றார். ஆற்று நீர் வெளியே ஓடும்போது எதிரே கடல் அலை வந்தால் முகத்துவாரத்தில் அலை செங்குத்தாக எழும். சின்னப் படகைக் கவிழ்க்க அது போதும். அந்தக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர்தான் என்று அலட்சியமாக இருக்காதீர்கள். என் கால அட்டவணை முழுவதையும் ஏற்ற நேரத்தை வைத்துப் பின்னோக்கிப் போட்டேன்: முகத்துவாரத்துக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும், அதற்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று.

சரி, என்னைக் கிளம்பவிடாமல் இழுத்தடித்த துறைமுக அலுவலகத்துக்கு வருவோம்.

படகை இறக்கப்போகும் இடத்தில், கிளம்பும் முன் துறைமுக அலுவலகத்தில் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள் என்றார்கள். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு முன்பின் தெரியாத படகு எதுவும் கரையோரம் சும்மா போய்விட முடியாது. அதில் எனக்குக் குறையில்லை. மேசையில் இருந்தவருக்கு மூன்று வகைப் படகுகள்தான் தெரியும்: மீன், சரக்கு, பயணிகள். "இது என்னத்துக்கு?" என்றார். சும்மா போவதற்கு என்றேன். "நீங்க என்ன, அபிலாஷ் டோமியா?" என்று பக்கத்து மேசையைப் பார்த்துச் சிரித்தார். 2013இல் எங்கும் நிற்காமல் தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றி முடித்த மனிதர் அபிலாஷ். அவருக்குப் பின்னால் கடற்படை நின்றது, எனக்குப் பின்னால் ஈச்சர் லாரி டிரைவர்தான் நின்றுகொண்டிருந்தார். அப்புறம் மேசைக்காரர் பணியாளர் பட்டியல் கேட்டார். ஒரே பெயர் எழுதிக் கொடுத்தேன். தலைவர் கையெழுத்து ஓரிடம், பணியாளர் கையெழுத்து ஓரிடம். இரண்டிலும் நானே போட்டேன்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோதுதான், சொந்த ஊர் காவல் நிலையத்திலிருந்து நன்னடத்தைச் சான்று வேண்டும் என்றார். போனில் கேட்டபோது ஆதார், படகு வாங்கிய பத்திரம், புகைப்படம் என்று சொன்னவரும் இவரேதான். படகு லாரியின் மேல் நிற்கிறது, லாரி சும்மா நிற்பதற்கான ஹால்டிங் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கிறது. மேலதிகாரியைப் பார்க்கிறேன் என்றால் அவர் விடுப்பில். அப்படியே வாளையார் வழியாகத் திரும்பினோம். டிரைவர் பொள்ளாச்சி வரை ஒரு வார்த்தை பேசவில்லை, வாடகையை மட்டும் சொன்னார்.

சான்றுக்கு இணையத்தில் விண்ணப்பித்தேன். எங்கள் ஊர் ஏட்டு வீட்டுக்கே விசாரிக்க வந்தார். "கடலுக்கும் நம்ம ஸ்டேசனுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றார். தோப்பில் நின்ற படகைச் சுற்றிப் பார்த்தார், மோர் குடித்தார், அடுத்து தாமதம் எதுவும் இல்லை. மறுபடி கொச்சி. இந்த முறை இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கிறது, படகுப் பத்திரத்தில் இனிஷியலாக முன்னால் இருக்கிறது. "ரெண்டும் ஒரே ஆள்தான்னு யார் சொல்றது?" நல்லவேளையாக இதை எதிர்பார்த்து நோட்டரி பிரமாணப் பத்திரம் ஒன்றைக் கையில் வைத்திருந்தேன். அதை மேசையில் வைத்தபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேனோ என்று இருந்தது. விடுப்பு முடிந்து வந்திருந்த மேலதிகாரி, போகும் வழியில் உள்ள கடலோரக் காவல் நிலையங்களுக்கும் நகல் போட்டுக் கையெழுத்திட்டார். அவருக்கு ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

ஆகவே கிளம்ப நினைப்பவர்கள், என்னென்ன தாள் வேண்டும் என்பதை மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அதுவரை லாரி பிடிக்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. சிங்கப்பூரில் இருக்கும் மச்சான், செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வாங்கி வருகிறேன் என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன். இரிடியம், துராயா வகைக் கருவிகளை அனுமதி இல்லாமல் இங்கே வைத்திருப்பதே குற்றம். மலையேற வந்த வெளிநாட்டவர் சிலர் விமான நிலையத்திலேயே பிடிபட்டிருக்கிறார்கள். படகில் பேசும் விஎச்எஃப் ரேடியோ கருவிக்கும் உரிமம் வேண்டும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் போனதால் எனக்குப் பெரும்பாலும் செல்போன் கிடைத்தது. கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. அதைப் படகின் உள்பக்கம் பெயின்ட்டால் எழுதி வைத்தேன், போனிலும் போட்டு வைத்தேன்.

படகு வேலையில் கோயம்புத்தூர் பக்கத்தில் இருப்பது வரம்தான், ஆனால் ஒன்றில் கவனம் வேண்டும். சுக்கானைத் தாங்கும் கீலை 316 என்ற ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கடைந்து கேட்டேன். லேத்காரர் காந்தத்தை வைத்து, "ஒட்டுதாங்க? நல்ல சரக்குங்க" என்றார். சாதாரண ரகமான 304உம் காந்தத்தில் ஒட்டாது, 316உம் ஒட்டாது. 316இல் மாலிப்டினம் இருக்கிறது, உப்புக்காற்றை அதிகம் தாங்குவது அதனால்தான். மாலிப்டினத்தைக் காட்டும் சோதனைத் திரவம் கிடைக்கிறது. ஒரு சொட்டு விட்டதில் அது 304 என்று தெரிந்தது. வேறு கம்பி வரவழைத்து மறுபடி கடைந்தார், கூலி கேட்கவில்லை. பாயில் ரீஃப் துளைகளுக்கு ஒட்டுத் துணி வைத்தது திருப்பூரில், ஜட்டிக்கு எலாஸ்டிக் அடிக்கும் ஜிக்ஜாக் மெஷினில். ஊசி சில உடைந்தன. தையல் இன்றுவரை பிரியவில்லை.

காற்று விஷயத்தில்தான் எனக்கு ஊர் கைகொடுத்தது. மார்கழி முதல் மாசி வரை, எங்கள் ஊர்ப் பக்கமிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று பாய்ந்து மேற்குக் கரைக்குப் போகும். பின்னிரவிலும் காலையிலும் அது பொன்னானிக் கடலில் பலமாக விழும். கரையிலிருந்து வெளியே தள்ளும் காற்று என்பதால் அலை பெரிதாகத் தெரியாது, ஆனால் முகத்துவாரத்துக்குள் ஏற முடியாமல் மேற்கே ஒதுக்கிவிடும். போனில் பார்க்கும் முன்னறிவிப்புகள் இந்த ஒடுக்கமான காற்றைக் குறைத்தே காட்டின. முனம்பத்தில் விடிவதற்கு முன் அப்பாவுக்குப் போன் செய்தேன். "தென்ன மட்டையெல்லாம் மேக்கால பாத்துப் படுத்துக் கெடக்குது கண்ணு. இன்னைக்கு வேண்டாம்" என்றார். முன்னறிவிப்பு 8 நாட் என்றது. நான் கிளம்பவில்லை. அன்று மதியம் பொன்னானியிலிருந்து திரும்பிய படகுக்காரர்கள், காலையில் வலை இழுக்கவே முடியவில்லை என்றார்கள். அப்பா சரி என்று சொன்ன காலையில் முதல் ரீஃபோடு கிளம்பினேன்.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலையில் கரைக்காற்று பக்கவாட்டில், மதியத்துக்குப் பிறகு வடமேற்கிலிருந்து கடல்காற்று நேர் எதிரே. முதல் பாதியில் தூரத்தை முடித்துக்கொண்டால் போதும். பொன்னானியில் ஏற்ற நேரத்துக்குச் சரியாக வந்து உள்ளே ஏறினேன். எங்கள் ஊர் ஆழியாற்றுத் தண்ணீரும் பாரதப்புழையில் கலந்து அங்கேதான் கடலுக்கு வருகிறது. அதைச் சொன்னதும் படகுத்துறையில் இருந்தவர் கயிறு கட்டிய கூலியை வாங்க மறுத்துவிட்டார்.

பேப்பூரில் படகை ஏற்ற கிரேன் சொல்லியிருந்தேன், அது வரவில்லை. உரு எனப்படும் பெரிய மரக்கலங்களையே கப்பியும் கயிறும் கொண்டு நகர்த்தும் கலாசிகளின் ஊர் அது. நாலு பேர் வந்து, என் படகைப் பார்த்துச் சிரித்துவிட்டு, உருளைக் கட்டை போட்டு லாரியில் ஏற்றிவிட்டார்கள். கிரேனுக்குப் பேசியதில் பாதிகூட ஆகவில்லை. அங்கே போகிறவர்கள் கிரேனுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். என் முன்பணம் இன்னும் திரும்பி வரவில்லை.